மரை ஏறினால் மட்டும் போதாது: பிரேக் ஹோஸின் முனையைப் பார்த்து வாங்குங்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை நம்மில் பலருக்கும் பழக்கமானது. 59ஆம் எண் கூட்டரசுச் சாலையான அது லாத்தா இஸ்கந்தார் அருவியையும் ஒராங் அஸ்லி குடியிருப்புகளையும் கடந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவைத் தொடும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம். போய்ச் சேரும் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏறும்போது இஞ்சினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு. பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மிதியை அழுத்தியபடி கீழே வரும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில், குடும்பத்தின் உயிரைத் தாங்கி நிற்பது ஒரு முழ நீளமுள்ள சில ரப்பர் குழாய்கள்தாம்.

அவற்றைத்தான் பிரேக் ஹோஸ் என்கிறோம். பேச்சில் 'பிரேக் ஓஸ்'. டயரைப் பார்த்து வாங்குகிறோம், பேட்டரியின் உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்குகிறோம், பிரேக் பேடில்கூட எந்த நிறுவனம் என்று விசாரிக்கிறோம். ஹோஸைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. "ஓஸ் போயிருச்சு, மாத்தணும்" என்று போர்மன் சொன்னால் தலையாட்டிவிட்டுக் காசு கொடுத்துவிடுகிறோம். அது நம் காருக்கு உரிய ஹோஸ்தானா, அதன் முனை சரியான வகையா, தவறாகப் பொருத்தியிருந்தால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது கடினமும் இல்லை. பொருளை அடையாளம் காணும் முறை, அதில் உள்ள ஆபத்து, சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமை ஆகிய மூன்றையும் இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

ஹோஸ் ஏன் இருக்கிறது?

பிரேக் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் எண்ணெய் அழுத்தம் பெற்று, மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாகச் சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. ஆனால் சக்கரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிறது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. இரும்புக் குழாயை அங்கே கொண்டுபோய் மாட்டினால் சில நாளில் ஒடிந்துவிடும். அதனால் கடைசிப் பகுதிக்கு மட்டும் வளையக்கூடிய ரப்பர் ஹோஸ் வைக்கிறார்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயோடு இதை ஒப்பிட முடியாது. உள்ளே எண்ணெய் ஓடும் துளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி ரப்பர், அதன்மேல் நூலிழைப் பின்னல், மறுபடி ரப்பர், மறுபடி பின்னல், கடைசியாக வெளித்தோல். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்குச் சற்று மேலே. அவசரமாகப் பிரேக் அழுத்தும்போது இந்த ஹோஸுக்குள் எழும் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்னும் பாதுகாப்பு விதி, 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஹோஸ் 7,000 பிஎஸ்ஐ வரை வெடிக்காமல் தாங்க வேண்டும் என்கிறது. விடாமல் 35 மணி நேரம் சுழற்றி வளைத்தும் சோதிக்கச் சொல்கிறது.

இவ்வளவு பலமாகச் செய்யப்படும் பொருள் பெரும்பாலும் நடுவில் தோற்பதில்லை. அது தோற்கும் இடம் முனை. அங்கேதான் மனிதக் கை தவறு செய்கிறது.

மூன்று வகை முனைகள்

உங்கள் காரின் முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு, கைவிளக்கோடு சக்கரத்தின் பின்னால் பாருங்கள். ஹோஸின் இரண்டு முனைகளும் தெரியும். பெரும்பாலான கார்களில் இந்த மூன்று வகைகளில் ஏதாவது இரண்டு இருக்கும்.

முதலாவது, பான்ஜோ முனை. ஹோஸின் நுனியில் ஒரு தட்டையான வளையம் இருக்கும். பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியின் வட்ட உடலும் நீண்ட கழுத்தும் போன்ற தோற்றம். பெயர் வந்தது அதனால்தான். அந்த வளையத்தின் நடுவே ஒரு போல்ட் நுழைந்து அதைக் காலிப்பரோடு, அதாவது பிரேக் பேடுகளை அழுத்தும் பாகத்தோடு, இறுக்குகிறது. அது சாதாரண போல்ட் அல்ல. உள்ளே துளை கொண்டது. எண்ணெய் வளையத்திலிருந்து அந்தத் துளை வழியாகத்தான் காலிப்பருக்குள் போகிறது. வளையத்தின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு செப்பு வாசர்கள் இருக்கும். இறுக்கும்போது அவை நசுங்கி, எண்ணெய் கசியாமல் அடைத்துக்கொள்கின்றன. ஒருமுறை நசுங்கிய வாசரை மறுபடி நம்ப முடியாது. ஹோஸைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும்.

இரண்டாவது, உள்மரை முனை. ஹோஸின் நுனி ஒரு கிண்ணம்போல இருக்கும். உள்ளே மரை வெட்டியிருக்கும். காரின் உடலிலிருந்து வரும் இரும்புக் குழாயின் நட்டு இதற்குள் ஏறி இறுகும். இந்த முனை காரின் உடலோடு பற்றவைத்த ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கும். குதிரை லாட வடிவில் ஒரு இரும்புக் கிளிப் அதைப் பிடித்துக்கொள்ளும். 'பழசு துருப்பிடிச்சிருச்சு' என்று அந்தக் கிளிப்பைப் போடாமல் விடுவதும், கம்பியால் கட்டிவைப்பதும் நடக்கின்றன. பிடிப்பில்லாத ஹோஸ் ஆடி ஆடி இரும்புக் குழாயை ஒடித்துவிடும்.

மூன்றாவது, வெளிமரை முனை. நுனியே போல்ட்போல இருந்து, நேராகக் காலிப்பருக்குள் அல்லது டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டருக்குள் ஏறும். இதை இறுக்கும்போது ஹோஸ் முழுவதும் சேர்ந்து சுழலும். ஆகவே இந்த முனையை முதலில் இறுக்கிவிட்டு, அதன்பிறகே மறுமுனையை மாட்ட வேண்டும். வரிசையை மாற்றினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ஹோஸ் சக்கரம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் கிழிந்துகொண்டே போகும்.

இவை வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும். இனி வருவது கண்ணுக்கு எளிதில் தெரியாதது. அதிக ஆபத்தும் அதில்தான்.

மரை ஒன்று, இருக்கை வேறு

உள்மரை முனையில் எண்ணெயை அடைப்பது மரை என்று நினைக்கிறோம். மரை பிடித்துக்கொள்ள மட்டுமே உதவுகிறது. கசியாமல் அடைப்பது, குழியின் அடியில் உள்ள இருக்கையும் இரும்புக் குழாயின் நுனியும் ஒன்றோடொன்று அழுந்தும் அந்தச் சிறு வட்டம்.

இரும்புக் குழாயின் நுனி இரண்டு விதமாக விரிக்கப்படுகிறது. டபுள் ஃப்ளேர் என்பதில் நுனி புனல்போல விரிந்து, உள்பக்கமாக இரண்டாக மடிந்திருக்கும். அதற்குரிய ஹோஸ் முனைக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு சிறு குன்று எழும்பி நிற்கும். நடுவில் துளை இருக்கும். பபிள் ஃப்ளேர் என்பதில் குழாயின் நுனி காளான் குடைபோல உப்பியிருக்கும். அதற்குரிய ஹோஸ் முனையின் அடியில் குன்று இருக்காது, புனல்போலக் குழிந்திருக்கும். குழிக்குக் குன்று, குன்றுக்குக் குழி என்று ஆணும் பெண்ணுமாகச் சேர வேண்டியவை இவை.

ஜப்பானியக் கார்களிலும் அவற்றின் வழிவந்த நம் நாட்டுக் கார்களிலும் டபுள் ஃப்ளேர் வழக்கம். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா மிட்சுபிஷியின் அடிப்படையில் உருவானது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் டைஹாட்சுவின் வழி வந்தது. ஐரோப்பியக் கார்களில் பபிள் ஃப்ளேர் மிகுதி. சிக்கல் என்னவென்றால், இரண்டு குடும்பங்களிலும் நட்டின் அளவு பெரும்பாலும் ஒன்றேதான்: 10 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. எம்10 x 1.0 என்று எழுதுவார்கள். எனவே ஒரு குடும்பத்தின் நட்டு மற்றதன் ஹோஸில் தடையே இல்லாமல் ஏறும், இறுகும். கைக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். ஆனால் அடியில் புனலும் குழியும், அல்லது காளானும் குன்றும் மோதிக்கொண்டிருக்கும். கசிவு அன்றைக்கே தெரிந்தால் நல்லகாலம். மெதுவாக மிதிக்கும்போது தாங்கி, ரிங்லெட் இறக்கத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பீறிட்டால் என்ன ஆகும்?

கசிகிறது என்று இன்னும் இறுக்கினால் இருக்கை நசுங்கும். மரையில் வெள்ளை டேப் சுற்றுவது அதைவிடப் பெரிய தவறு. அடைப்பது மரை இல்லை என்பதால் டேப்பால் பயன் எதுவும் இல்லை. அதன் துணுக்குகள் எண்ணெயோடு போய் வேறிடத்தை அடைக்கும்.

அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலப்பது இன்னொரு பொறி. தோட்டத்துத் துரைமாரும் கிராணிமாரும் ஓட்டிய மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களை இன்றும் ஆசையோடு பராமரிப்பவர்கள் பேராக்கில் உண்டு. அவற்றில் அங்குல மரை. எட்டில் மூன்று அங்குல நட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். அதன் விட்டம் 9.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மரை இடைவெளி 1.06 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் ஹோஸில் அது கொஞ்சம் தளர்வாக ஏறிவிடும். ஏறியதும் பொருந்திவிட்டது என்று நினைத்தால், அழுத்தம் வந்ததும் மரையைச் சீவிக்கொண்டு கழன்று வந்துவிடக்கூடும். மோரிஸ் மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் போனால் நான்கிலும் போயிற்று. இன்றைய கார்களில் வழியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று பாதிப் பலத்தோடு நிற்கும். அந்தப் பாதிப் பலம் காரை ஓரங்கட்டுவதற்கு உதவுமே தவிர, மலையிறங்கப் போதாது.

பான்ஜோ போல்ட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. கார்களில் பெரும்பாலும் எம்10 x 1.0. ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் அதே பருமன், ஆனால் மரை இடைவெளி 1.25. பெட்டியில் கிடக்கும் மோட்டார் சைக்கிள் போல்ட்டைக் காருக்குப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். ஸ்பேனரில் பலம் கொடுத்து இன்னும் திருப்பினால் காலிப்பரின் மரை போய்விடும், அல்லது உள்ளே துளையுள்ள அந்த போல்ட் முறியும். இரும்புப் பின்னல் போட்ட 'ரேஸிங்' ஹோஸ் வாங்கும் இளைஞர்களும் கவனிக்க வேண்டும். அவற்றில் பல 37 பாகைச் சாய்வுள்ள இருக்கையோடு வருகின்றன. கார்களின் டபுள் ஃப்ளேர் 45 பாகை. மரை ஒத்துப்போனாலும் சாய்வு ஒத்துப்போகாது.

எழுத்தும் கோடும்

நல்ல ஹோஸ் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். அதன் உடலில் தயாரிப்பாளரின் குறி, தயாரித்த நாள், உள்துளையின் அளவு ஆகியவை அச்சாகியிருக்கும். அமெரிக்க விதிப்படி செய்ததில் 'டாட்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு 'எச்ஆர்' அல்லது 'எச்எல்' என்ற குறி இருக்கும். முன்னது வழக்கமான விரிவு கொண்டது, பின்னது குறைவாக விரிவது. எஸ்ஏஇ ஜே1401, ஜப்பானின் ஜேஐஎஸ் டி2601 ஆகியவையும் நீங்கள் காணக்கூடிய தர எண்கள். எந்த எழுத்தும் இல்லாத வழுவழுப்பான கறுப்புக் குழாயை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

ஹோஸின் மேல் நீளவாக்கில் ஓடும் கோடு அழகுக்குப் போட்டதல்ல. பொருத்தியபின் அந்தக் கோடு நேராக ஓடினால் ஹோஸ் முறுக்கின்றி இருக்கிறது. பாம்பு சுற்றியதுபோல வளைந்து ஓடினால் முறுக்கிவிட்டார்கள் என்று பொருள். ஒரு கைவிளக்கு இருந்தால் யாரும் செய்யக்கூடிய சோதனை இது.

புகழ்பெற்ற நிறுவனம் என்பதால் தவறு நேராது என்றும் எண்ண வேண்டாம். ஃபோர்டு நிறுவனம் 2023இல் அமெரிக்காவில் ஃபியூஷன், லிங்கன் எம்கேஇசட் கார்களில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. முன்பக்க பிரேக் ஹோஸ் வெடித்துக் கசியக்கூடும் என்பது காரணம். உங்கள் காரின் அடிச்சட்ட எண்ணை, அதாவது சேசிஸ் நம்பரை, அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஹோஸ் கெட்டுப்போவதன் அடையாளங்கள்

வெளியே தெரிபவை: தோலில் வெடிப்பு, ஒருவர் மிதியை அழுத்தும்போது பலூன்போலப் புடைப்பு, முனையில் ஈரம், டயரோ இரும்போ உரசிய தேய்மானம், பிரேக் எண்ணெய் மட்டம் குறைந்துகொண்டே போவது, மிதி பஞ்சுபோல அமுங்குவது.

வெளியே தெரியாதது ஒன்று உண்டு. பழைய ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, துளையை ஒருவழிக் கதவுபோல அடைத்துவிடும். மிதிக்கும்போது எண்ணெய் போகும், விட்டபின் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடும். கார் ஒரு பக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மட்டும் அனலாகக் கொதிக்கும், தீய்ந்த வாடை வரும். காலிப்பர் போய்விட்டது என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பதற்கு முன், போர்மனிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். காரை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, பிடித்திருக்கும் சக்கரத்தின் காற்றுப் போக்கும் திருகைத் திறக்க வேண்டும். திறந்ததும் சக்கரம் இலகுவாகச் சுழன்றால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. ஹோஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திறந்தபிறகும் பிடித்தே இருந்தால் காலிப்பரைப் பார்க்கலாம்.

நல்ல ஹோஸையும் கெடுக்கும் பழக்கங்கள் சில உண்டு. பேட் மாற்றும்போது கனமான காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவது உள்ளிழையை அறுத்துவிடும். அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். எண்ணெய் சொட்டாமல் இருக்க ஹோஸைக் குறடால் நசுக்குவதும் தவறு. பிரேக் எண்ணெய் டப்பாவில் இஞ்சின் எண்ணெயையோ ஸ்டீயரிங் எண்ணெயையோ தவறுதலாக ஊற்றிவிட்டால் காரை நகர்த்தாதீர்கள். அந்த எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். ஹோஸோடு உள்ளே உள்ள ரப்பர் பாகம் அனைத்தையும் மாற்ற வேண்டிவரும்.

தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும் சமயத்தில்தான் பரிசோதனைக்குப் போகிறோம். பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய காரைப் பார்க்க வேறு யாரும் வர மாட்டார்கள் என்பதால், பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹோஸைப் பார்க்கச் சொல்வது நம் பொறுப்பு.

கடையிலும் பட்டறையிலும்

சரியான ஹோஸை வாங்க மனப்பாடம் எதுவும் தேவையில்லை. இந்த ஐந்தைச் செய்தால் போதும்.

1. மாடல், ஆண்டு, சேசிஸ் நம்பர் மூன்றையும் சொல்லுங்கள். முன் இடதா, முன் வலதா, பின்னா என்பதையும் சொல்லுங்கள். பான்ஜோ வளையம் திரும்பியிருக்கும் கோணம் இடத்துக்கும் வலத்துக்கும் மாறக்கூடும்.

2. பழைய ஹோஸைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், இரண்டு முனைகளின் வகை, மரை, குழியின் அடியில் குன்றா குழிவா, நடுவில் பிடிப்புத் தகடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நடுத்தகடு இல்லாத ஹோஸ் டயரில் உரசும்.

3. வெட்டி இறக்குமதி செய்த 'ஹாஃப் கட்' கார்களின் ஹோஸ் வேண்டாம். வேறு பாகங்களுக்கு அந்தக் கடைகள் உதவலாம். ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டே போகும். அந்த ஹோஸ் எத்தனை ஆண்டு பழையது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

4. செப்பு வாசரும் கிளிப்பும் புதிதாகக் கேளுங்கள். ஒரு பக்கத்து ஹோஸ் வயதால் போயிருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

5. வேலை முடிந்ததும் பழைய பொருளைத் திரும்பக் கேளுங்கள். "பாராங் லாமா பாகி பாலிக்" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். காற்றுப் போக்கியபின் இஞ்சினை ஓடவிட்டு மிதியைப் பலமாகச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முனைகளை வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாளில் ஈரம் இருந்தால் காரை எடுக்காதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல ஆயுதம். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. என்ன நோக்கத்துக்கு வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருந்தால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. அதனால்தான் மாடலையும் சேசிஸ் நம்பரையும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ரசீதில் எழுதி வாங்கச் சொல்கிறேன். வெறும் 'பிரேக் ஹோஸ் 1' என்ற ரசீதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. எந்தக் கார், எந்த ஆண்டு, எந்தச் சக்கரம் என்று எழுதிய ரசீது, நீங்கள் நோக்கத்தைத் தெரிவித்ததற்குச் சாட்சி.

பட்டறை செய்யும் வேலைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 53ஆம் பிரிவு. தவறான முனையை இறுக்கி அனுப்புவதும், பழைய வாசரையே போட்டு அனுப்புவதும் அந்தக் கடமையை மீறுவதாகும். பட்டறைகள் பயனீட்டாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பதற்கென்றே 2002இல் தனி விதிமுறைகளும் வந்தன. வேலையைத் தொடங்குமுன் என்ன செய்யப் போகிறீர்கள், என்ன பொருள் போடப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும் என்று கேட்பது உங்கள் உரிமை; யாரும் உங்களுக்குச் செய்யும் சலுகை அல்ல.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று மலாயில் எழுதிய அட்டை பல கடைகளில் தொங்குகிறது. மனம் மாறித் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு அது பொருந்தலாம். குறையுள்ள பொருளை விற்ற கடைக்கு அந்த அட்டை கவசமாகாது. இந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்தத்தாலோ அறிவிப்பாலோ பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. அசல் என்று சொல்லிப் போலியை விற்றால் அது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி தயாரிப்பாளரும், தன் பெயரைப் போட்டு விற்றவரும், இறக்குமதி செய்தவரும் பொறுப்பாவார்கள். யாரிடமிருந்து வாங்கினேன் என்று சொல்ல மறுக்கும் கடைக்காரரும் அந்தப் பொறுப்பில் சிக்குவார்.

புகார் செய்யும் வழி

முதலில் காரை நிறுத்துங்கள். கசியும் பிரேக்கோடு 'அதே பட்டறைவரைக்கும்தானே' என்று ஓட்டிப் போகாதீர்கள். இழுவை லாரியை அழையுங்கள். முனை, ஈரம், ஹோஸில் உள்ள எழுத்து மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். கழற்றிய ஹோஸ், போல்ட், வாசர், பெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டு வையுங்கள். அவற்றைத் தூக்கியெறிந்தால் வழக்கையும் சேர்த்து எறிந்ததாகிவிடும்.

பிறகு கடையிடமோ பட்டறையிடமோ முறையாகச் சொல்லி, சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுங்கள். பெரும்பாலான பிரச்சினைகள் இங்கேயே முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால் பின்னால் உதவும். மறுத்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் வழிகாட்டும்.

கொடுத்த பணமும் நஷ்டமும் திரும்ப வர வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். 1ஆம் எண் பாரத்தை நிரப்பி 5 ரிங்கிட் கட்டணம் கட்டினால் போதும். இணையம் வழியாகவும் பதியலாம். பொதுவாக இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. உங்கள் கதையை நீங்களே சொல்லலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாதவர் மீது குற்ற வழக்கே தொடரலாம். சொந்த உபயோகத்துக்குப் பொருளோ சேவையோ வாங்கியவருக்கான வழி இது. தொழிலுக்கு லாரி ஓட்டுவோர் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

காயமோ மரணமோ நேர்ந்திருந்தால் தீர்ப்பாயம் அதை விசாரிக்காது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். பிரேக் மேல் சந்தேகம் இருந்தால் அதைப் புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள். கார் பழுதுபார்க்கப்படுமுன் தகுந்தவர் அதைப் பரிசோதித்தாக வேண்டும். வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறையை நாடலாம்.

இறங்குமுன் ஒரு நிமிடம்

21 ஆகஸ்ட் 2013 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். பெரிய பேருந்துகளின் பிரேக் காற்றில் இயங்குவது. நம் காரின் ஹோஸுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் மலைச்சாலை பிரேக்கை எப்படிச் சோதிக்கும் என்பதை அந்த நாள் நாட்டுக்கே காட்டியது. இறங்கும்போது கியரைக் குறைத்து இஞ்சினின் பிடியில் வாருங்கள். ஆட்டோ காரில் 'எல்' அல்லது '2' இருப்பது அதற்காகத்தான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 பாகைக்கே கொதிக்கலாம். கொதித்தால் மிதி தரையைத் தொடும். எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதும் ஹோஸைப் பார்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

தோட்டங்களை விட்டு நம் குடும்பங்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது, பலருக்கு முதல் சொத்தாக வந்தது ஒரு பழைய சாகா அல்லது கஞ்சில். அப்பா ஓட்டிய கார் மகனுக்கு வந்தது, மகன் இப்போது பேரனுக்குக் கற்றுக்கொடுக்கிறான். அந்தப் பாடத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்து, சக்கரத்தைத் திருப்பி, கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். எது பான்ஜோ, எது உள்மரை, கோடு நேராக ஓடுகிறதா, முனை காய்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். மறுமுறை ஓஸ் மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லும்போது, அந்தப் பிள்ளையே முன்னால் நின்று "பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும்.